பாடிய நாவும் மறைத்த கையும்

"இந்தப் பாட்டுக்கு ஈடு இணை இல்லை!" என்கிறான் ஒருவன். "அது பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாட்டு, பாடகனின் பெருமை விளங்குவது அணைக்கட்டுப் பாட்டில்!" என்று மறுக்கிறான் மற்றொருவன். "ஆறும் வேண்டாம், அணையும் வேண்டாம், விமானம் விழுந்த கதையைச் சொல்லும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்!" என்கிறாள் மங்கை ஒருத்தி. மூவரும் ஒரே பாடகனின் அன்பர்கள். மூவரும் அவன் பாட்டை மனப்பாடமாய் அறிந்தவர்கள். அவன் கண்மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வாதம் மட்டும் ஓயவில்லை.

யார் அந்தப் பாடகன்? அரண்மனையில் அமர்ந்து அரசனைப் பாடியவனா? ஆலயத்தில் நின்று ஆண்டவனைப் பாடியவனா? இரண்டும் அல்ல. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சரக்கு ரயிலில் ஏறியும் சாலையில் நடந்தும் அமெரிக்காவின் குறுக்கும் நெடுக்குமாய் அலைந்த ஏழைப் பாட்டுக்காரன், வூடி கத்ரி. ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிக் குவித்தவன். அவற்றில் இசைத்தட்டில் ஏறியவை சில நூறே.

எந்தப் பாட்டு சிறந்த பாட்டு என்ற கேள்விக்கு, "சுவை அவரவர் விருப்பம்" என்று பதில் கூறி வாதத்தை முடித்துவிடலாம். காரம் ஒருவனுக்குப் பிடிக்கும். இனிப்பு இன்னொருவனுக்குப் பிடிக்கும். இதிலே வழக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் மக்களைப் பாடிய கவிஞனின் பாட்டு, பந்தியிலே வைக்கும் பண்டமன்று. அவன் பாடியவற்றுள் எது நம் செவிக்கு வந்து சேர்ந்தது, எது வராமற் போயிற்று, வந்ததும் முழுமையாய் வந்ததா, வழியிலே எவர் கை அதை வெட்டியது என்று பார்க்க வேண்டாமா? பாராமல், "எனக்குப் பிடித்த பாட்டு இதுவே" என்று கூறுவது, பரிமாறியவன் இலையில் வைத்ததை மட்டும் உண்டுவிட்டு, "சமையற்கட்டில் இதைவிட நல்லது இல்லை" என்று சான்று அளிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, அன்பர்களின் வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

புழுதியில் பிறந்த பாட்டு

1912-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள், ஓக்லஹோமா மாநிலத்தில் ஓக்கீமா என்ற சிற்றூரில் பிறந்தான் வூடி. தந்தையின் செல்வம் கரைந்தது. தாயைக் கொடிய நரம்பு நோய் பற்றியது. பின்னாளில் மகனையும் பற்றி, அவன் வாழ்வின் இறுதி ஆண்டுகளை மருத்துவமனைக் கட்டிலிலேயே கழிக்கச் செய்த நோய் அது. இளைஞனாய் டெக்சாஸ் மாநிலத்துப் பாம்ப்பா நகருக்குக் குடிபெயர்ந்தான். அங்கேதான் 1935 ஏப்ரல் 14 அன்று அந்தக் கருநாள் வந்தது.

பட்டப்பகல் இருண்டது. மலைபோல் எழுந்த புழுதிச் சுவர் ஊரை விழுங்கிற்று. வீட்டுக்குள் விளக்கேற்றியும் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. உலகம் முடியும் நாள் வந்துவிட்டது, இது இறைவனின் சீற்றம் என்று பலர் நடுங்கினர். சீறியது யார்? வறட்சி ஒருபுறம், மண்ணை இறுகப் பிடித்திருந்த புல்வெளியை இலாபத்துக்காக ஏர் உழுது கிழித்த பேராசை மறுபுறம். வேர் போயிற்று, மண் பறந்தது. வானத்தில் எழுதியிருந்த விதி அன்று; வயலில் மனிதன் செய்த வினை! ஊரார் நடுங்கிய அந்தப் புழுதியைப் பற்றி வூடி பாட்டெழுதினான். ஊரைவிட்டுப் புறப்படும் மக்களின் விடைபெறும் பாட்டு அது. அவலத்தையும் நகைச்சுவையையும் ஒன்றாய்க் குழைத்த அந்தப் பாட்டே அவனது தலைசிறந்த படைப்பு என்று வாதிடும் அன்பர்கள் இன்றும் உண்டு.

நிலத்தை இழந்தோர் இலட்சக்கணக்கில் கலிபோர்னியாவை நோக்கி நகர்ந்தனர். அங்கே வரவேற்பு எப்படி இருந்தது? 1936-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவலர் மாநில எல்லைக்கே சென்று, கையிலே காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினர். ஒரே நாட்டுக் குடிமக்கள். ஆயினும் பணம் இல்லாதவனுக்கு எல்லைக்கோடு! 'டோ ரே மீ' என்ற பாட்டிலே அந்த அநீதியை எள்ளி நகையாடினான் வூடி. இத்தகைய பாடல்கள் 1940-இல் 'புழுதிக்காட்டுப் பாடல்கள்' என்ற இசைத்தட்டுத் தொகுப்பாய் வெளிவந்தன.

அத்தொகுப்பில் ஒரு பாட்டு பகுத்தறிவாளர் கருதத்தக்கது. அந்நாளில் ஏழைகள் விரும்பிப் பாடிய வழிபாட்டுப் பாடல் ஒன்று இருந்தது. இவ்வுலகம் நமக்கு வீடன்று, மேலுலகிலே வீடு காத்திருக்கிறது என்று ஆறுதல் கூறுவது அதன் பொருள். வூடி அந்த மெட்டையே எடுத்துக்கொண்டான், பொருளைப் புரட்டிப்போட்டான். ஏழைக்கு இவ்வுலகில் வீடில்லைதான். ஆனால் அதை எடுத்துக்கொண்டவன் யார்? கடன் கொடுத்த வங்கியும் காணி பறித்த செல்வனும் அல்லவா என்று கேட்டான். அவன் மதத்தை அடியோடு துறந்தவன் அல்லன். ஏசுவை ஏழைகளின் தோழனாகப் பாடியவனும் அவனே. எனினும், பசித்தவன் கையிலே மோட்சச் சீட்டைக் கொடுத்து அனுப்பும் வித்தையை அவன் ஒப்பவில்லை. பக்தர் அறிந்த மெட்டு பாட்டாளியின் கேள்வியைச் சுமந்தது!

வெட்டுண்ட அடிகள்

இனி, வாதத்தின் நடுமேடைக்கு வருவோம். உலகம் முழுதும் அறிந்த அவனது பாட்டு, 'இந்த மண் உன் மண்' என்பது. அமெரிக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகள் பாடியது. மலையும் கடலும் காடும் சாலையும் அழகுற விரியும் நாட்டுப்பாட்டு என்றே பலர் அதைக் கருதினர். "இன்னொரு தேசிய கீதம்" என்று போற்றினோர் பலர், "இனிப்பு மிகுந்த பாட்டு, இதில் என்ன புரட்சி?" என்று முகம் சுளித்தோரும் பலர்.

இரு சாராரும் அறியாதிருந்தது ஒன்று உண்டு. அவர்கள் கேட்டது பாதிப் பாட்டு!

1938-இல், இர்விங் பெர்லின் என்ற புகழ்வாய்ந்த இசைப்புலவர், அமெரிக்காவை இறைவன் வாழ்த்துக என்று பொருள்படும் தம் பழைய பாட்டைத் திருத்தி வெளியிட்டார். உருசிய நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர், நன்றியுணர்வோடு எழுதினார். குறை கூறுவதற்கில்லை. வானொலி எங்கும் அதே பாட்டு ஒலித்தது. ஊர் ஊராய் அலைந்து, நிவாரணக் கஞ்சிக்கு நின்ற வரிசைகளைக் கண்ட வூடிக்கு அந்த வாழ்த்து ஒலி கசந்தது. இறைவன் வாழ்த்திய நாட்டில் இத்தனை பேர் ஏன் பட்டினி என்று அவன் நெஞ்சு கேட்டது. 1940 பிப்ரவரி 23 அன்று நியூயார்க் நகரின் மலிவான விடுதி ஒன்றில் அமர்ந்து மறுமொழி எழுதினான். அதுவே இந்தப் பாட்டு.

அன்று அவன் எழுதிய தாளில் ஆறு செய்யுட்கள். ஒன்றிலே, வழியை மறிக்கும் சுவரும், அதில் 'தனிச்சொத்து' என்ற அறிவிப்பும் வருகின்றன. மற்றொன்றிலே, கோயில் கோபுரத்தின் நிழலில், நிவாரண நிலையத்தின் வாயிலில் பசியோடு நிற்கும் மக்கள் வருகின்றனர். இந்த மண் உண்மையிலேயே நம் மண்தானா என்ற ஐயம் எழுகிறது. இந்த இரு செய்யுட்களும் சேர்ந்தால் பாட்டின் பொருள் என்ன? உரிமைக் குரல்! இவை நீங்கினால்? இயற்கை வருணனை!

நீங்கித்தான் போயின. தனிச்சொத்துச் செய்யுளையும் சேர்த்து 1944-இல் அவன் பாடிய ஒலிப்பதிவு பெட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. 1951-இல் இசைத்தட்டாய் வெளிவந்த வடிவத்தில் அந்த அடிகள் இல்லை. நாட்டிலே பொதுவுடைமை அச்சம் தலைவிரித்தாடிய காலம் அது. பாடகர்களையும் கலைஞர்களையும் விசாரணைக் குழுக்கள் கூண்டிலேற்றிய காலம். பள்ளிப் பாட நூல்களுக்கும் மலையும் கடலும் மட்டும் போதுமானவையாய் இருந்தன. வெட்டிய கை யாருடையது என்று தேடினால் ஒற்றைக் கை அகப்படாது. அச்சத்தின் கை ஒன்று, வணிகத்தின் கை ஒன்று. வூடியும் எல்லா வேளையிலும் அந்த அடிகளைச் சேர்த்துப் பாடினானல்லன். மெல்ல மெல்ல, ஒருவரும் ஆணையிடாமலே, பாட்டின் பல் பிடுங்கப்பட்டது!

மீட்டவர் யார்? நண்பன் பீட் சீகரும், மகன் ஆர்லோவும், கேட்டு மனத்திலே வைத்திருந்த அன்பர்களும். மேடைதோறும் விடுபட்ட அடிகளைச் சேர்த்துப் பாடினர். 2009 சனவரி 18 அன்று, ஒபாமா குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்பு, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில், 89 வயது முதியவரான சீகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு நின்று அந்தப் பாட்டைப் பாடினார். தனிச்சொத்துச் செய்யுளும் பட்டினி வரிசைச் செய்யுளும் நாடே கேட்க ஒலித்தன. எழுதப்பட்டு அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து! அன்பர்கள் வெறுங்கையால் தட்டி ஆரவாரிப்பவர்களாய் மட்டும் இருந்திருந்தால் அந்த அடிகள் மீண்டிருக்குமா? எண்ணிப் பாருங்கள்.

அணையின் அடியில் மூழ்கியது

இரண்டாம் அன்பனின் அணைக்கட்டுப் பாட்டுக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு மே திங்களில், கொலம்பியா ஆற்று மின்சாரத்தை மக்களுக்கு வழங்கும் அரசு நிறுவனம் வூடியை ஒரு மாதம் வேலைக்கு அமர்த்திற்று. கூலி 266 டாலர் 66 சென்ட். முப்பது நாளில் 26 பாட்டு எழுதினான். 'உருண்டோடு கொலம்பியா' என்ற பாட்டை வாஷிங்டன் மாநிலம் 1987-இல் தன் அதிகாரப்பூர்வ நாட்டுப்புறப் பாட்டாகவே ஏற்றுக்கொண்டது.

கூலிக்குப் பாடிய பாட்டு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நாம் அப்படி ஒதுக்கவில்லை. குடியானவன் குடிசையில் விளக்கெரிய வேண்டும், ஆற்றின் ஆற்றல் தனியார் மின்சாரக் கம்பெனிகளின் பெட்டியில் அடைபடாமல் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று மெய்யாகவே நம்பிப் பாடினான் வூடி. புழுதியில் புரண்டவனுக்கு நீர் கண்ட மகிழ்ச்சி எத்தகையது என்பதை அந்தப் பாடல்களில் உணரலாம்.

ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் அவனுக்கு முன்பே வாழ்ந்தவர் யார்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாய் அந்த ஆற்றின் சால்மன் மீனை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள். கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிச்செல்லப் படி அமைக்கப்படவில்லை. மேல் ஆற்றுக்கு மீன் வருவது நின்றது. அவர்களுடைய கெட்டில் அருவி நீரில் மூழ்கப்போகிறதென்று அறிந்து, 1940 சூன் திங்களில் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் கூடி அழுது விடைகொடுத்தனர். 'கண்ணீர்ச் சடங்கு' என்றே அதற்குப் பெயர். 1957 மார்ச்சு 10 அன்று டாலஸ் அணையின் நீர் செலிலோ அருவியையும் மூடிற்று. வூடி வந்த ஆண்டு 1941. கண்ணீர் சிந்தி ஓராண்டுகூட முழுதாய் ஆகவில்லை. எனினும் அந்தக் கண்ணீரின் ஓசை அவன் அணைப் பாடல்களில் கேட்கவில்லை.

'இந்த மண் உன் மண்' என்று பாடும்போது, "எந்த உன் மண்? யாரிடமிருந்து வந்த மண்?" என்று பழங்குடி மக்கள் கேட்பதும் இதனால்தான். ஏழையின் பக்கம் நின்றவன் பாட்டிலும் இன்னும் எளியவன் விடுபடக்கூடும். பாடகனை நேசிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும். கேள்வி கேளாத அன்பு வழிபாடாகிவிடும். வழிபாடு வந்தால் சிந்தனை வெளியேறும்.

பாட்டும் சான்றும்

மற்றோர் அன்பர் கூட்டம், '1913 படுகொலை' என்ற பாட்டுக்கே மகுடம் சூட்டும். இளைஞனாய் வந்த பாப் டிலன், வூடிக்குக் காணிக்கையாய்த் தான் எழுதிய பாட்டுக்கு எடுத்துக்கொண்டது இந்த மெட்டையே.

மிச்சிகன் மாநிலத்துக் கலுமெட் என்ற ஊரில் செப்புச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். 1913 திசம்பர் 24 அன்று, அவர்களுடைய குழந்தைகளுக்காக இத்தாலியர் மன்றத்தின் மாடியில் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. "தீ!" என்று எவரோ கூவினர். தீ எதுவும் இல்லை. மாடிப்படியில் மக்கள் முண்டியடித்து விழுந்தனர். மடிந்தவர் 73 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். தொழிலாளர் இயக்கத்து மூதாட்டி எல்லா ரீவ் புளூர் எழுதிய நூலில் இந்தச் செய்தியைப் படித்த வூடி பாட்டாக்கினான். முதலாளிகளின் அடியாட்கள் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டனர் என்று அவன் பாட்டு கூறுகிறது.

கூவியவன் யார் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. கதவு பிடிக்கப்பட்டதா என்பதிலும் வரலாற்றாசிரியர் ஒருமித்துக் கூறவில்லை. இதனால் பாட்டு பொய்யாகிவிடுமா? குழந்தைகள் மடிந்தது பொய்யன்று; தொழிலாளர் மீது அவிழ்த்துவிடப்பட்ட கொடுமை பொய்யன்று. ஆனால், பாட்டு நெஞ்சைத் தொட்டது என்பதாலேயே பாட்டில் வந்தவை யாவும் நிலைநாட்டப்பட்ட உண்மை என்றாகாது. புராணத்துக்குச் சான்று கேட்கிற நாம், நமக்குப் பிடித்த பாட்டுக்கும் சான்று கேட்கத்தானே வேண்டும்? கண்ணீரும் வரட்டும், கணக்கும் வரட்டும்!

திருந்திய நாவு

வூடி தவறாதவன் அல்லன். அவன் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1911-இல், அவன் ஊருக்கு அருகே கறுப்பினத் தாய் ஒருத்தியையும் அவள் மகனையும் வெறிக் கும்பல் பாலத்தில் தூக்கிலிட்டது. அத்தகைய மண்ணின் இழிசொற்கள் அவன் நாவிலும் ஒட்டியிருந்தன. 1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லை அவன் கூசாமல் ஒலித்தபோது, கறுப்பின இளைஞர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். வூடி அந்தக் கடிதத்தை வானொலியிலேயே படித்தான், மன்னிப்புக் கேட்டான், அந்தச் சொல்லை விட்டான். பின்னாளில் பாலத்தில் தொங்கிய அந்தத் தாயையும் மகனையும் பற்றியே பாட்டெழுதினான். கித்தாரின் முகத்தில், 'இந்தக் கருவி பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று எழுதி மாட்டிக்கொண்டு, கறுப்பினப் பாடகர்களோடு தோளோடு தோள் நின்று பாடினான்.

அவனைத் திருத்தியது எது? வானத்து அசரீரியா? கேட்பவர் ஒருவர் எழுதிய கடிதம்! பாடகன் அன்பர்களை உருவாக்குகிறான் என்பர். கேட்பவர்கள் பாடகனை உருவாக்குவதும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பெயர் கேட்ட பாட்டு

இறுதியாக, மங்கை கூறிய விமானப் பாட்டு. 1948 சனவரி 28 அன்று, கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் விமானம் ஒன்று தீப்பற்றி விழுந்தது. இறந்தவர் 32 பேர். அவர்களில் 28 பேர் மெக்சிகோ நாட்டுப் பண்ணைத் தொழிலாளர். ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் அனுமதியின்றி வந்தவர்களுமாகிய அவர்களை அரசு தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நாடெங்கும் பரவிய செய்தியில் விமானிகள், பணிப்பெண், காவல் அதிகாரி ஆகிய நால்வருக்குப் பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு? 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்ற ஒரே பெயர்! பிரெஸ்னோ நகரக் கல்லறையில் 28 பேரையும் ஒரே குழியில் புதைத்தனர். கல்லிலே தொகை இருந்தது, பெயர் இல்லை.

கனி பறித்த கைகளுக்குப் பெயர் கிடையாதா என்று கொதித்தது வூடியின் உள்ளம். பாட்டெழுதினான். மெட்டில்லாமலே அது கிடந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற இளைஞர் அதற்கு மெட்டமைத்தார். பின்னாளில் பள்ளியாசிரியராய்ப் பணிபுரிந்தவர் அவர் என்பதில் ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பீட் சீகர் பாடினார், பலர் பாடினர், நாடு கடந்தும் ஒலித்தது. 1967 அக்டோபர் 3 அன்று நியூயார்க் மருத்துவமனையில் வூடி கண்மூடியபோதும் அந்தக் கல்லிலே பெயர் ஏறியிருக்கவில்லை.

பாட்டைக் கேட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார், உறவினரைத் தேடினார், பெயர்களைச் சேர்த்தார். 2013 செப்டம்பர் 2 அன்று, தொழிலாளர் நாளில், 28 பேரின் பெயர்களும் பொறித்த நினைவுக்கல் அந்தக் கல்லறையில் திறந்துவைக்கப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டுக்குப்பின் அவர்கள் தொகையிலிருந்து மனிதராயினர்!

எது சிறந்த பாட்டு? எங்கள் தீர்ப்பைக் கேட்பீராயின், மங்கையின் பக்கமே சாய்வோம். இனிமையில் மற்றவை முந்தலாம். புகழில் 'இந்த மண் உன் மண்' முந்தும். ஆனால், எழுதியவன் கேட்ட கேள்விக்கு, கேட்டவர்கள் தேடிச்சென்று விடை கொணர்ந்த பாட்டு இது. பாடகன் நாவில் தொடங்கி, மெட்டமைத்த இளைஞனின் கைக்கு வந்து, பதிவேட்டைப் புரட்டிய எழுத்தாளனின் விரல் வழியே கல்லிலே முடிந்த பாட்டு.

தோழர்களே! பாட்டைப் பற்றி வாதிடுங்கள், வாதம் நல்லது. ஆனால் வாதிடுமுன், அந்தப் பாட்டு முழுமையாய் உங்களிடம் வந்ததா என்று கேளுங்கள். அதில் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். அது சொல்வது மெய்யா என்று கேளுங்கள். கேட்டு, தேடி, வெட்டுண்ட அடியை மீட்டு, மறந்த பெயரை எழுதுங்கள். பாடகனுக்கு அன்பர் செலுத்தத்தக்க காணிக்கை அதுவே. மாலை வாடும், கைதட்டல் அடங்கும், கல்லில் ஏறிய பெயர் நிற்கும்!